சிற்பத்தில் உணர்ச்சியும் தீக்குணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்ணில் உருவம் செய்யும்போது, உணர்ச்சியான கோபத்தையும் தீக்குணமான பேராசையையும் ஒரே வகையாக நினைத்துக் கையாள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. கோபம் சில நொடிகளில் வந்து போகும். அந்த நேரத்தில் எந்தத் தசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். பேராசையோ வருடக்கணக்கில் உடம்பில் ஊறிப்போன குணம். கழுத்து முன்னே நீண்டிருக்கும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கையில் ஒன்றும் இல்லாதபோதும் விரல்கள் மடங்கியே இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பேராசைக்காரனைப் பல்லிளிக்க வைத்தால், வயிற்றுவலிக்காரன் போலத்தான் தெரிவான்.

அதனால் தீக்குணத்தைச் செய்யும்போது முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். 15 முதல் 20 செ.மீ. உயரத்தில், முக அடையாளமே இல்லாத மூன்று நான்கு மண் மாதிரிகளைச் செய்து பாருங்கள். சோம்பலில் எடை முழுக்க இடுப்பில் இறங்கி முதுகு வளையும். கர்வத்தில் எடை குதிகாலுக்குப் போய் நெஞ்சு மேலேறும். உடம்பு பேசாத இடத்தில் முகத்தைச் செதுக்கிப் பயனில்லை. பிரான்சின் கலே நகரில் 1895-இல் திறக்கப்பட்ட 'கலே நகரத்தார்' சிலைத் தொகுதிக்குச் சிற்பி ரோதான் முதலில் ஆடையில்லாத உருவங்களைச் செய்து, பிறகுதான் ஆடை போர்த்தினார். பொறாமை மட்டும் ஒற்றை உருவத்தில் எளிதில் அடங்காது. எதைப் பார்த்துப் பொறாமை என்பது தெரிய வேண்டுமே! இரண்டாவது உருவம் ஒன்றை வைத்து, தலை ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமும் போகட்டும்.

உணர்ச்சிக்கு வருவோம். அதிகம் கெடுவது நெற்றி. துயரத்தில் புருவங்களின் உள்முனைகள் மேலேறி நெருங்கும். குறுக்குச் சுருக்கம் நெற்றியின் நடுப்பகுதியில் மட்டும் விழும், ஓரங்கள் மழமழவென்றே இருக்கும். பாம்புகள் சுற்றி நெரிக்கும் பூசாரியைக் காட்டும் புகழ்பெற்ற பழங்கால லாவோகூன் சிலையிலேயே புருவம் துயரத்தில் இருக்க, சுருக்கங்கள் நெற்றி முழுக்க ஓடுகின்றன. ஒரே நேரத்தில் இரண்டும் நடக்காது என்று முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 19-ஆம் நூற்றாண்டில் சுட்டிக்காட்டினார். இன்னொரு தவறு, சுருக்கத்தைக் கருவியால் கீறி வரைவது. முதலில் கட்டைவிரலால் புருவத் திரளை மேலே தள்ளுங்கள். தோல் மடியும் இடம் தானாகத் தெரியும். கோட்டை கடைசியில்தான் போட வேண்டும். முன்னாடியே கீறினால் முகத்துக்கு வயதுதான் கூடும், துயரம் வராது.

அலறும் வாய்க்கு மூடிய முகத்தில் குழி தோண்டுவதும் வழக்கமான தவறு. தாடை காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் சுழல்வதால், வாய் திறக்கும்போது முகவாய் கீழேயும் பின்னேயும் போகும், கன்னம் நீளும், கழுத்து நரம்பு புடைக்கும். அடிப்படை வடிவத்தையே மாற்றாவிட்டால் அலறல் கொட்டாவி ஆகிவிடும். இத்தாலியச் சிற்பி பெர்னினியின் 'சபிக்கப்பட்ட ஆன்மா' என்ற அலறும் தலையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

கண்ணில் குழப்பம் வேறு மாதிரி. அச்சத்திலும் கோபத்திலும் மேலிமை உயர்ந்து கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியலாம். பிரித்துக் காட்டுவது புருவம்தான். அச்சத்தில் அது ஏறும், கோபத்தில் இறங்கி அழுத்தும். வண்ணம் பூசாத மண்ணில் பார்வையை உண்டாக்குவது நிழல். கருவிழியைக் குழியாகக் குடைந்து, ஒளி பட ஒரு சிறு துணுக்கை மேலே விட்டுவைக்கும் பிரெஞ்சுச் சிற்பி ஊதோனின் முறை இன்றும் கைகொடுக்கும். இகழ்ச்சிக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி செய்தால் புன்னகையாகிவிடும்; ஒரு பக்க வாயோரம் மட்டும் இறுகி ஏறட்டும்.

விளக்கைக் கீழே வைத்து வேலை பார்க்காதீர்கள். கீழிருந்து ஒளி பட்டால் சாதுவும் வில்லனாகத் தெரிவார், வேலை முடிந்ததாக நினைத்து ஏமாந்துபோவீர்கள். மேலே ஒரு பக்கமாக, சுமார் 45 பாகையில் வைத்து உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள்.

மண் உருவத்தைச் சூளையில் சுடுவதாக இருந்தால், அதைத் தாங்க வைத்த கம்பிக்கூட்டை உள்ளே விட்டுவிடக் கூடாது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது. இழுத்துப் பிடித்த கழுத்தில்தான் முதல் விரிசல் விழும். நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில் தலையை அறுத்து, கம்பியை எடுத்து, சுவர் 1 முதல் 1.5 செ.மீ. கனம் இருக்கும்படி குடைந்து, இரு விளிம்பையும் கீறி மண்குழம்பு தடவி ஒட்டுங்கள். உள்ளே காற்றும் நீராவியும் வெளியேற ஒரு துளை வேண்டும். நீட்டிய விரல்கள் உடம்பைவிட முன்னதாகக் காய்ந்து ஒடியும். அவற்றை மட்டும் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவையுங்கள். இறுக்கி மூடிய கைமுட்டியின் உட்புறம் கடைசிவரை ஈரமாகவே இருக்கும். அது உலராமல் சூளையில் 100 பாகை செல்சியஸைத் தாண்டினால், நீராவி கையை வெடிக்க வைத்துவிடும்.