வன்னியில் இருந்து கனடா ஹொக்கி பார்க்க

கனடாவில் இருக்கிற தம்பியோ மருமகனோ பனித்தரையில் ஆடும் ஹொக்கி பற்றித் தொடங்கினால் கதை லேசில் முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அந்நாட்டின் குளிர்காலத் தேசிய விளையாட்டு. சேர்ந்து பார்க்க விரும்பினால் முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோவில் இரவு 7 மணி என்றால் கிளிநொச்சியில் மறுநாள் காலை 5.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள். பிறகு விடியப்புறம் 4.30. இதை மறந்தால் முதல் பகுதி போய்விடும்.

போனில் சிக்னல் இழுபட்டாலும் படத்தின் தரத்தை அதிகம் குறைக்காதீர்கள். ‘பக்’ என்கிற கறுப்பு இறப்பர் வில்லை 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்புத்தான். மங்கிய படத்தில் அது காணாமல் போகும். அப்போது பக்கைத் தேடாமல் ஆட்டக்காரர்கள் முகம் திரும்பும் பக்கம் பாருங்கள். கண் தானாகப் பழகும்.

ஒரு பக்கம் 6 பேர், 20 நிமிடப்படி மூன்று பகுதி. பந்தடி பார்த்தவர்கள் குழம்புவது ஓவ்சைட்டில்தான். இங்கே கணக்கு எதிரணியின் பகுதியைப் பிரிக்கும் நீலக்கோடு: பக் அதைத் தாண்ட முன்னம் தாக்கும் அணிக்காரர் உள்ளே போகக்கூடாது. சிறு தவறுக்கு 2 நிமிடம் வெளியே இருக்க வேண்டும். அந்த நேரம் எதிரணி கோல் போட்டால் உடனே திரும்பலாம். ஆட்டம் சூடு பிடிப்பதே அங்கேதான், தேத்தண்ணி ஊற்ற எழும்பாதீர்கள்.

கதைக்க நல்ல இடம் 2010 பெப்ரவரி 28: வன்கூவர் ஒலிம்பிக் இறுதியாட்டம், மேலதிக நேரத்தில் சிட்னி குரொஸ்பியின் கோல், அமெரிக்காவை 3-2 என வென்ற கனடா. அதைச் சொல்லிப் பாருங்கள், அந்தப் பக்கத்தில் குரலே மாறும்.