ஜயண்ட்ஸ் காஸ்வே நடை: கடைசி நூறு மீட்டருக்குத் தயாராவது எப்படி?

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில் ஒரு பாறை மேடை படிப்படியாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் பெயர் ஜயண்ட்ஸ் காஸ்வே. சுமார் 40,000 கல் தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டவை, தேனடை போல இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. 1986 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம். பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், முழுக்கத் தார்ச்சாலை. இவ்வளவு சுலபமான வழி என்பதால்தான் பலரும் எந்த யோசனையும் இல்லாமல் போய்ச் சேர்ந்து, கல் மேல் கால் வைத்ததும் தடுமாறுகிறார்கள். முதல் தடவை நானும் அடி தேய்ந்த ஷூவோடு போய், பலர் பார்க்க உட்கார்ந்த நிலையில் இரண்டு தூண் கீழே இறங்கினேன். அதனால் இந்தக் குறிப்பு.

படி 1: கிளம்பும் முன்

பெல்ஃபாஸ்டில் இருந்து வருபவர்கள் கோல்ரெய்ன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். டப்ளினில் இருந்து ஒரு நாள் சுற்றுலாவாக வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாலையில் எல்லைச் சோதனை எதுவும் கண்ணில் படாது. ஆனால் டப்ளின் இருப்பது அயர்லாந்து என்ற தனி நாட்டில், வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா, அல்லது இரு நாடுகளுக்கும் செல்லுபடியாகும் கூட்டு விசாத் திட்டக் குறிப்புள்ள விசா கையில் இருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லையே என்று சிலர் கடந்துவிடுகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கற்களுக்கு நடந்து போகக் கட்டணம் இல்லை. கண்காட்சி, ஒலி வழிகாட்டி, வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட்.

படி 2: என்ன போட்டுக்கொள்வது

நன்றாகப் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள ஷூ. தொப்பியோடு கூடிய ரெயின்கோட். குடை வேண்டாம், அந்தக் காற்று அதை இரண்டே நிமிடத்தில் தாமரைப் பூவாக மலர்த்திவிடும். என் அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு என்னைவிட நிதானமாக நடந்தார். ஆனாலும் காற்றோடு முந்தானை போட்ட சண்டையைப் பார்த்தவன் என்ற முறையில், சுடிதார்தான் நல்லது என்பேன்.

படி 3: நேரம் பார்ப்பது

கடல் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் முதல் நாளே இணையத்தில் பார்த்துவிடுங்கள். கடல் இறங்கியிருக்கும்போது மேடையின் நுனி வரை கற்கள் வெளியே தெரியும். அலை பெரிதாக இருக்கும் நாளில் நுனிப் பக்கமே போகக் கூடாது. வெயில் காலத்தில் நடுப்பகலில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வரும். காலையிலோ மாலையிலோ போங்கள். ஜூனில் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறையும், அவசரமே இல்லை.

படி 4: இறக்கம்

மையத்தின் பின்பக்கம் தொடங்கும் சாலையில் கடலை இடப்பக்கமாக வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதலில் வரும் சிறு விரிகுடா போர்ட்நபோ. அங்கே படுத்திருக்கும் ஒட்டகம் போல ஒரு பாறை உண்டு, குழந்தைகளிடம் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வளைவு திரும்பியதும் காற்று முகத்தில் அறையும். மேடை தெரிய ஆரம்பிக்கும்.

முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிறு கட்டணத்தில் பேருந்து ஓடுகிறது. இறங்கும்போது நடந்து, ஏறும்போது பேருந்தில் வருவது புத்திசாலித்தனம்.

படி 5: கல் மேல் நடப்பது

நடையின் உண்மையான பகுதி இதுதான்.

முதலில் நிறம் பாருங்கள். உயரத்தில் உள்ள கற்கள் சாம்பல் நிறம், அங்கங்கே மஞ்சள் திட்டு. காய்ந்திருந்தால் தைரியமாக மிதிக்கலாம். கடலை நெருங்க நெருங்கக் கல் கறுக்கும். கறுப்பு என்றால் கடல் நீர் எட்டும் இடம் என்று அர்த்தம். ஈரமான கறுப்புக் கல் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். அந்தக் கோட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

அடுத்து, கல்லின் தலையைப் பாருங்கள். சில தூண்களின் மேற்பரப்பு சிறு கிண்ணம் போலக் குழிந்திருக்கும், சில மேடாக இருக்கும். குழிந்ததில் மழைநீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கும், தாண்டிப் போங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். போட்டோ எடுக்கும்போது நின்று எடுங்கள், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு பின்னால் நகர வேண்டாம்.

சரி, இந்தத் தூண்கள் எப்படி வந்தன? சித்திரை வெயிலில் வற்றிய ஏரிப் படுகை பாளம் பாளமாக வெடிக்குமே, கிட்டத்தட்ட அதேதான். ஏறக்குறைய 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஓடித் தேங்கிய எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறியது. ஆறும்போது சுருங்கியது, சுருங்கும்போது வெடித்தது. வெடிப்பு மேலோட்டமாக நிற்காமல் குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கக் கூடவே இறங்கியதால் தூண் தூணாகப் பிளந்தது. ஐந்து பக்கம், ஏழு பக்கம் உள்ளவையும் உண்டு. உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

ஊர்க்காரர்கள் சொல்லும் கதை வேறு. ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்து எதிரியோடு மோதக் கடலில் பாதை போட்டானாம். எதிரி தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்ததும் வீட்டுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி அவனுக்குக் குழந்தை வேடம் போட்டுத் தொட்டிலில் படுக்க வைத்தாள். குழந்தையே இந்த அளவு என்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று மிரண்ட எதிரி, பாதையைப் பிய்த்துக்கொண்டே ஓடிப்போனானாம். சேது கட்டிய கதை கேட்டு வளர்ந்த நமக்குக் கடலில் கல் பாதை புதிதில்லை. ஆனால் மனைவி சமயோசிதத்தால் போரே நடக்காமல் போவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே மாதிரித் தூண்கள் இருப்பது கதைக்கு இன்னும் வசதி.

ஒரு வேண்டுகோள்: கல் இடுக்கில் காசு செருகாதீர்கள். வேண்டுதல் போல நிறையப் பேர் செருகியிருப்பார்கள். அந்தக் காசு துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே உடைக்கிறது, கறையும் ஓடுகிறது.

படி 6: திரும்பும் வழி

வந்த வழியே திரும்பலாம். தெம்பு இருந்தால் கிழக்கே தொடருங்கள். பூட் வடிவப் பாறை வரும், அப்புறம் மலைச்சரிவில் சுமார் 12 மீட்டர் உயரத் தூண்கள் வரிசையாக நிற்கும் ஆர்கன் பைப்ஸ். அங்கே ஷெப்பர்ட்ஸ் ஸ்டெப்ஸ் என்ற 162 படிகள் குன்றின் உச்சிக்கு ஏறுகின்றன. நம் ஊரில் படி ஏறிக் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நடுவில் இரண்டு முறை நின்றால் போதும். மேலே குன்றின் விளிம்பை ஒட்டிய பாதை நேராகப் பார்வையாளர் மையத்துக்குக் கொண்டு விடும். பலத்த காற்றடிக்கும் நாளில் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள். தெளிவான நாளாக இருந்தால், கீழே நீங்கள் தடுமாறிய மேடை கையகலத்துக்குத் தெரியும். அதற்கு அப்பால் தண்ணீருக்கு மேல் ஒரு நீலக் கோடாக ஸ்காட்லாந்து.