வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறீர்களா? தமிழ்நாட்டுப் பெற்றோர் சேர்த்து வைக்க வேண்டிய காகிதங்கள்

ஹோம்ஸ்கூலிங் செய்ய எந்த ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும்? புதிதாக யோசிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அப்படி ஒரு ஆபீஸே கிடையாது. விண்ணப்பப் படிவமும் கிடையாது, வருடத்துக்கு ஒருமுறை வந்து நோட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரியும் கிடையாது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் "அனுமதி கொடுத்தோம்" என்று எழுதித் தர ஆளில்லை என்பதால், பிள்ளை படிக்கிறது என்று காட்டும் பொறுப்பு முழுக்க நம் தலையில்தான் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதைத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: சட்டத்தை ஒருமுறையாவது படியுங்கள்

முதலில் கல்வி உரிமைச் சட்டம், 2009. ஏப்ரல் 1, 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. இதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ இந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுவழிக் கல்வி என்ற பேச்சும் ஒரே ஓர் இடத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. கடுமையான மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தம் சொல்கிறது. உங்கள் பிள்ளை அந்த வகையில் வந்தால் உங்கள் பாதை நேரானது. வட்டார வள மையத்தில் பேசினால் போதும்.

மற்றவர்கள் நிற்பது நடுவில். 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது என்று மத்திய அரசு சொன்னது. பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கியது. தமிழ்நாட்டுக்கென 1994-ஆம் ஆண்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே "முழுக்கச் சட்டபூர்வம்" என்று அடித்துச் சொல்பவரையும் நம்பாதீர்கள், "போலீஸ் வரும்" என்று பயமுறுத்தும் சித்தப்பாவையும் நம்பாதீர்கள்.

கணவன் மனைவி இருவருக்கும் இதில் ஒரே மனது இருக்க வேண்டும். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறதென்றால், வக்கீலைக் கேட்காமல் பள்ளியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

படி 2: பத்தாம் வகுப்பிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். எந்தப் பாடத்திட்டம், எந்தப் புத்தகம் என்று ஆறு வயதில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். பதினைந்து வயதில் கையில் எந்தச் சான்றிதழ் இருக்கும் என்று முதலில் முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீரும். மூன்று வழிகள் இருக்கின்றன.

பெரும்பாலோர் போகும் வழி, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கிய மத்திய அரசு வாரியம். தலைமையகம் நொய்டா, மண்டல மையம் சென்னையிலும் உண்டு. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்ற சுய உறுதிமொழி போதும். வீட்டில் படித்த பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குறைந்தது ஐந்து பாடங்கள் எடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும், தமிழை எடுக்கலாம். பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. ஒரு பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. டி.எம்.ஏ. என்ற ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பு உண்டு. பலர் அதைச் சோம்பலில் விட்டுவிட்டு மதிப்பெண் குறைந்ததென்று வருந்துகிறார்கள். விடாதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பையும் இங்கேயே எழுதலாம். பத்தில் தேறுவதற்கும் பன்னிரண்டில் தேறுவதற்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதக் கூடாது என்றிருந்த தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்காலத்தில் தமிழக அரசு வேலை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும், இந்தச் சான்றிதழ் மாநில வாரியச் சான்றிதழுக்குச் சமமாக ஏற்கப்படுகிறதா என்பது குறித்த அப்போதைய அரசாணையைப் பதிவுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. இதற்கு ஏணி போல ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முதலில் இ.எஸ்.எல்.சி. என்ற எட்டாம் வகுப்புத் தேர்வு. அதற்கு 12½ வயது முடிந்திருக்க வேண்டும். அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. நேரடித் தனித்தேர்வர்கள், அதாவது பள்ளிக்குப் போகாமல் முதன்முறையாக எல்லாப் பாடங்களையும் எழுதுபவர்கள், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு, தேர்வு விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே வந்து போய்விடும். வருடா வருடம் இதைத் தவறவிட்டு மாவட்டக் கல்வி அலுவலக வாசலில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இயக்ககத்தின் இணையதளத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் தப்பிக்கலாம். சமச்சீர்ப் புத்தகங்கள் எல்லாம் பி.டி.எஃப்.-ஆக இலவசமாகக் கிடைப்பது இந்த வழியின் பெரிய வசதி.

மூன்றாவது, பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டுத் தேர்வை வெளித்தேர்வராக எழுதுவது. பாடத்துக்குப் பாடம் கட்டணம், கனமாகவே இருக்கும். வெளிநாட்டுப் படிப்புதான் இலக்கு என்றால் யோசிக்கலாம்.

படி 3: எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள்

இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளியில் படித்த ஆண்டுகளைக் கேட்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத வேலை ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று வேண்டும். வீட்டில் நீங்கள் எவ்வளவு நல்ல தமிழில் சொல்லிக் கொடுத்தாலும் அதற்குச் சான்று தர எந்தத் தலைமை ஆசிரியரும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பம் என்றால், அருகில் நல்ல அரசுப் பள்ளி இருக்கும்போது இவற்றையெல்லாம் இழப்பது சரியா என்று இருமுறை யோசியுங்கள் என்பேன்.

படி 4: பள்ளியில் இருந்தால் முறையாக விலகுங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். நின்றால் பிள்ளையின் பெயர் இடைநின்றவர் பட்டியலில் ஏறும். தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி டி.சி. வாங்குங்கள்; கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்குங்கள். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டி.சி. கொடுத்ததும் பிள்ளையின் பதிவு எமிஸில் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும். பழைய பள்ளியிலேயே சிக்கிக் கிடந்தால், பின்னால் வேறு பள்ளியில் சேர்க்கும்போது அலைச்சல்தான்.

படி 5: ஒரு கோப்பு போடுங்கள்

பிறப்புச் சான்றிதழ் முதலில். அக்டோபர் 1, 2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் வயதைக் காட்ட அதுதான் ஆவணம். ஆதாரிலும் அதிலும் பெயர், தலைப்பெழுத்து, தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள், பரீட்சை விண்ணப்ப நேரத்தில் முடியாது. சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்று இரண்டையும் இ-சேவை மையம் வழியாக எடுத்து வையுங்கள். உயர்கல்விக் கலந்தாய்வில் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்ததைக் காட்ட முடியாத பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்று கை கொடுக்கும்.

அடுத்து, படிப்பின் தடயம். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும்: என்ன படித்தார்கள், எங்கே போனார்கள், எழுதிய நாலு தாள், தேதியோடு. வகுப்பறை மாதிரி கால அட்டவணை போட்டுப் பொய்யாக நிரப்பாதீர்கள். தடுப்பூசி அட்டையையும், நீச்சல், பாட்டு, கணினி என்று எங்கே சேர்த்தாலும் அந்த ரசீதுகளையும் இதிலேயே செருகுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்து கேட்டால்

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் தெருத் தெருவாக வருவார்கள். கொளுத்தும் வெயிலில் வருகிறவர்கள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுங்கள். அவர்கள் தேடுவது வேலைக்குப் போகும் பிள்ளையை, கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண் குழந்தையை. பயந்துகொண்டு "ஊருக்குப் போயிருக்கான்" என்று சொல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். "வீட்டில் படிக்கிறாள் டீச்சர், என்.ஐ.ஓ.எஸ். எழுதப் போகிறாள், இதோ பாருங்கள்" என்று கோப்பைக் காட்டுங்கள். பிள்ளையும் வந்து பேசட்டும். வட்டாரக் கல்வி அலுவலர் எழுத்தில் விளக்கம் கேட்டால் எழுத்திலேயே பதில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எல்லைகளைத் தாண்டாதீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டணம் வாங்கித் தினமும் நடத்தினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று ஆகிவிடலாம். அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000. இன்னொன்று கடை. குடும்பத் தொழிலில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை உதவலாம் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் சொன்னாலும், பள்ளி நேரம் முடிந்த பிறகு அல்லது விடுமுறையில் என்றுதான் சொல்கிறது. "எங்கள் வீட்டில் பள்ளி நேரமே இல்லையே" என்ற வாதம் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எடுபடாது. பகல் பதினொரு மணிக்குக் கல்லாவில் உட்கார வைக்காதீர்கள்.

படி 7: திரும்பும் கதவு எப்போது வரை திறந்திருக்கும்?

ஒத்துவரவில்லை என்றால் பள்ளிக்குத் திரும்பலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அதே சட்டப்படி, வருடத்தின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது. நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. டி.சி. இல்லை, முந்தைய வகுப்பு மதிப்பெண் இல்லை என்று ஒரு பள்ளி இழுத்தடித்தால் இந்தச் சட்டத்தைச் சுட்டி மனு கொடுங்கள். இந்தப் பாதுகாப்பெல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் நேராகச் சேர்க்கப் போனால் எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள், அப்போது சட்டம் நம் பக்கம் நிற்காது. திரும்புகிற யோசனை கொஞ்சம் இருந்தாலும் ஏழாம் வகுப்பு வயதிலேயே முடிவெடுங்கள், இல்லையென்றால் இ.எஸ்.எல்.சி.-யை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.