பழைய கார்ட்ரிட்ஜை மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக இசைத்தட்டு கேட்கும் பக்கம் வருகிறவர்கள் பழைய கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சின்னப் பெட்டி) ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குவதும், மோசமாக ஒலிக்கிறது என்று சீக்கிரமே அதை விற்றுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் மேல் குற்றமே இருக்காது. பொருந்தாத டோன்ஆர்மில் (கார்ட்ரிட்ஜைத் தட்டின் மேல் தாங்கும் கை, சுருக்கமாக ஆர்ம்) மாட்டியிருப்பார்கள், அல்லது பொருந்தாத ஃபோனோ ஸ்டேஜில் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி) செருகியிருப்பார்கள். எங்கள் காலத்தில் எல்லாரும் விழுந்து எழுந்த அதே பள்ளங்கள்தான், புதுசு ஒன்றும் இல்லை.

நாலு நிறக் கம்பிகளை மாற்றி மாட்டுவது, ஊசி அழுத்தத்தை அளக்காமல் குத்துமதிப்பாக வைப்பது, ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஏற்பாடு) மறந்துவிடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை சீக்கிரம் தெரிந்துவிடும். கூடவே இருந்து குழி பறிப்பவை வேறு.

பெயரைப் பார்ப்பது, ஊசியைப் பார்க்காமல் விடுவது

மூவிங் மேக்னட் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜின் உடலுக்குள் இருப்பது காயில்கள்தான். வைரமுனை, அதைத் தாங்கும் நுண்தண்டான கான்டிலீவர், காந்தம், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் என்று அசைகிற சமாச்சாரம் எல்லாமே கழற்றி மாட்டும் ஊசிப் பகுதியில் இருக்கிறது. அதனால் உடலில் ஷூர் வி15 டைப் 3 என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது வேறொருவர் செய்த மாற்று ஊசி என்றால் ஷூரின் விவரத்தாளில் உள்ள கம்ப்ளையன்ஸும் (அந்த ரப்பரின் இளக்கம்) ஊசி அழுத்தமும் அதற்குச் செல்லாது. ஷூர் 2018-இல் இந்தத் தொழிலை விட்டே விலகிவிட்டது. ஆக இன்று புதிதாகக் கிடைக்கும் ஊசி அநேகமாக மாற்று ஊசிதான். அது 2 கிராம் கேட்கும்; பழைய தாளை நம்பி 1 கிராம் வைத்துவிட்டு, சத்தமான இடங்களில் கரகரப்பதற்கு ஆம்ப்ளிஃபையரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம், பள்ளத்துக்குள் நிற்காமல் துள்ளும் ஊசிதான் தட்டை அதிகம் கெடுக்கும்.

கம்ப்ளையன்ஸ் எண்ணை அப்படியே கணக்கில் போடுவது

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான், பணமும் இதில்தான் அதிகம் போகிறது.

கான்டிலீவரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது, கம்ப்ளையன்ஸ் என்பது அது எவ்வளவு இளக்கம் என்பதன் அளவு. ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றும் சேர்ந்து அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கும், அந்த அதிர்வெண்ணில் யாராவது தட்டிவிட்டால் ஆர்ம் ஆடும். கணக்கு எளிது. மொத்த நிறையை கிராமில் எடுத்து, கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதால் வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை. 8 முதல் 12 வரை வந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால், வளைந்த தட்டின் ஏற்ற இறக்கமும் காலடி அதிர்வும் ஆர்மை ஆட்டத் தொடங்கும்; பாட்டில் ஒன்றும் கேட்காது, ஆனால் வூஃபர் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். மேலே போனால் பாட்டின் அடித்தளமே கலங்கும்.

சரி, கணக்கில் தவறு எங்கே வருகிறது? கம்ப்ளையன்ஸ் எண் எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சூத்திரத்துக்குத் தேவை 10 ஹெர்ட்ஸ் அருகில் அளந்த எண். ஜப்பானிய நிறுவனங்கள் பல 100 ஹெர்ட்ஸில் அளந்து போடும். வேகமாக ஆட்டும்போது ரப்பர் விறைப்பாக நிற்கும் என்பதால் 100 ஹெர்ட்ஸ் எண் சின்னதாக இருக்கும். 10 ஹெர்ட்ஸுக்கு மாற்ற அதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்வது வழக்கம். இன்னொரு பக்கம், பழைய தாள்கள் சிலவற்றில் ஸ்டாடிக் (ஆட்டாமல் அளந்த) கம்ப்ளையன்ஸ் என்று பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள், அதை ஏறத்தாழ பாதியாக்க வேண்டும். இரண்டுமே தோராயம்தான், ரப்பருக்கு ரப்பர் மாறும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டெனான் டிஎல்-103 வாங்கினார். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக 1962-இல் உருவாக்கப்பட்ட கார்ட்ரிட்ஜ் அது. எடை 8.5 கிராம், தாளில் கம்ப்ளையன்ஸ் 5. அவரிடம் இருந்த ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் 12 கிராம். திருகுக்கு ஒரு கிராம் சேர்த்து 21.5 கிராம், கணக்குப் போட்டால் 15 ஹெர்ட்ஸ் வந்தது. பதறிப்போய்விட்டார். 10 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர மொத்தம் 50 கிராம் வேண்டும் என்று அதே சூத்திரம் சொல்ல, இருந்த ஆர்மை விற்று, கனமான 12 அங்குல ஆர்ம் ஒன்றை வாங்கி, அதில் கனமான ஹெட்ஷெல் (ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் பகுதி), அதற்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே ஓர் எடைத் தகடு என்று அடுக்கி 50 கிராமை எட்டிவிட்டார். அப்புறம் வூஃபர் ஆட ஆரம்பித்தது. அதற்கு ரம்பிள் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டும் கருவி) வாங்கினார்.

தாளில் இருந்த 5 என்பது 100 ஹெர்ட்ஸ் எண். அதை 10 என்று எடுத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் அடுக்கி வைத்தது 7 ஹெர்ட்ஸ். முதலில் இருந்த ஆர்மில் வந்திருக்க வேண்டியது கிட்டத்தட்ட 11. அவர் விற்ற ஆர்ம்தான் சரியான ஆர்ம்.

இதே தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். உண்மையிலேயே இளக்கமான, 6 கிராம் எடையும் 30 கம்ப்ளையன்ஸும் உள்ள எழுபதுகளின் கார்ட்ரிட்ஜை 20 கிராம் ஆர்மில் மாட்டினால் 5.6 ஹெர்ட்ஸ்தான் வரும். எஸ்எம்இ 3009 போன்ற மெலிந்த ஆர்ம்கள் எதற்காக வந்தன என்பது அப்போது புரியும். கனமான ஆர்ம் என்றாலே உசத்தி என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

இதற்கெல்லாம் மேல் ரப்பரின் வயது. நாற்பது, ஐம்பது வருடம் ஆன ரப்பர் இறுகிப் போயிருக்கலாம், அல்லது தளர்ந்து கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும் அளவுக்குத் தொங்கியிருக்கலாம். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று கூடுதல் விலை கொடுக்கிறார்களே, பெட்டிக்குள் இருந்தால் ரப்பருக்கு வயதாகாதா? விவரத்தாளில் உள்ளது அது புதிதாக இருந்தபோது எடுத்த எண். அதை வைத்து ஆர்ம் வாங்குவதற்கு முன்னால், கையில் இருக்கும் ஆர்மில் மாட்டி, குறைந்த அதிர்வெண்களில் ஒவ்வொன்றாக இறங்கும் சோதனைத் தட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் ஊசி கண்ணுக்குத் தெரிய நடுங்குகிறதோ, கூடவே வரும் சீரான ஒலி தள்ளாடுகிறதோ, அதுதான் விடை. பக்கவாட்டில் ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை பார்க்க வேண்டும். சோதனைத் தட்டு இல்லாவிட்டால் கொஞ்சம் வளைந்த தட்டைப் போட்டுப் பக்கத்திலிருந்து கவனியுங்கள்: வளைவோடு ஆர்ம் முழுசும் ஏறி இறங்க வேண்டும், ஆர்ம் பின்தங்கி கான்டிலீவர் மட்டும் மடங்கி நிமிர்ந்தால் பொருத்தம் சரியில்லை.

எஃபெக்டிவ் மாஸை எடை என்று நினைப்பது

தராசில் போட்டு அளக்கிற எடை இல்லை அது. சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கிராமும் கணக்கில் வரும். ஹெட்ஷெல்லில் 5 கிராம் சேர்த்தால் முழுசாக 5 ஏறும், பின்னால் அச்சை ஒட்டிய கவுன்டர்வெயிட்டில் (எதிர் எடை) சேர்ப்பது மிகச் சிறிதே ஏற்றும்.

கெப்பாசிட்டன்ஸை மறப்பது

மூவிங் மேக்னட்டுக்கு 47 கிலோஓம் என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். ஆர்மின் உள்கம்பி, வெளிக்கேபிள், ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு மூன்றின் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்குத்திறன்) கூடி, கார்ட்ரிட்ஜின் இண்டக்டன்ஸோடு (காயிலின் மின்தூண்டல்) சேர்ந்து மேல்ஸ்தாயியின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன. 500 மில்லிஹென்றி உள்ள கார்ட்ரிட்ஜுக்கு 450 பிகோஃபாரட் கொடுத்தால் அந்த இரண்டின் ஒத்ததிர்வு 10.6 கிலோஹெர்ட்ஸில் வரும், 200 கொடுத்தால் 16-க்குப் போய்விடும். வி15 டைப் 3-க்கு ஷூர் கேட்டது 400 முதல் 500. இன்றைய ஃபோனோ ஸ்டேஜும் நல்ல குட்டைக் கேபிளும் சேர்ந்தால் அதில் பாதிகூட வராமல் போகலாம். அப்புறம் “மங்கலாக இருக்கிறது, வயசாகிவிட்டது” என்று தீர்ப்பு. நாலு சேனல் சிடி-4 தட்டுகளுக்காக வந்த கார்ட்ரிட்ஜ்கள் நேர்மாறு, அவற்றுக்கு 100 பிகோஃபாரட் போதும். கூட்டுவதற்கு உள்ளீட்டில் சின்ன கெப்பாசிட்டர் போடலாம். குறைப்பதற்குக் கேபிளை மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய எண்ணைத் தேடுவது

மூவிங் காயிலுக்கான (காந்தத்துக்குப் பதில் காயில் அசையும் வகை; டிஎல்-103 அதில் ஒன்று) ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் 1:30 என்றால் 1:10-ஐவிட மூன்று மடங்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. 47,000 ஓமை அந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கார்ட்ரிட்ஜ் பார்க்கும் சுமை தெரியும். 1:10-இல் அது 470 ஓம், 1:30-இல் 52. டிஎல்-103-இன் உள் மின்தடையே 40 ஓம், அதற்கு 52 ஓமைக் கொடுத்தால் சமிக்ஞையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அங்கேயே போய்விடும். 30 மடங்குக்குப் பணம் கொடுத்து 17 மடங்கு வாங்குகிறீர்கள், ஒலியும் அமுங்கும். 1959-இல் வந்த ஆர்டோஃபான் எஸ்பியு என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்கு வேண்டுமானால் 1:30 பொருந்தும், அதன் மின்தடை சுமார் 2 ஓம்தான்.

டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீடு எம்எம் (மூவிங் மேக்னட்) உள்ளீட்டுக்கு. எம்சி (மூவிங் காயில்) உள்ளீட்டுக்கு அல்ல.

செராமிக் கார்ட்ரிட்ஜை ஃபோனோவில் செருகுவது

அழுத்தத்தால் மின்சாரம் தரும் அந்த வகைக்கு மெகாஓம் அளவில் உள்ளீடு வேண்டும். ஃபோனோ ஸ்டேஜே வேண்டாம்.

பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ தட்டு

கூடாது. மேல்கீழாக அசையாத ஊசி பள்ளத்தைச் சீவிவிடும்.

இரும்புத் தட்டும் காந்தமும்

தோரன்ஸ் டிடி 124 என்ற டர்ன்டேபிளின் முதல் வடிவத்தில் சுழல்தட்டு வார்ப்பிரும்பு. எஸ்பியு, டிஎல்-103 போன்ற வலுவான காந்தம் உள்ளவற்றை அது கீழே இழுக்கும், நீங்கள் வைத்த ஊசி அழுத்தத்துக்கு மேல் சத்தமில்லாமல் ஏறும். தடிமனான மேட் (சுழல்தட்டின் மேல் போடும் விரிப்பு) போட்டு ஊசியைத் தள்ளி நிறுத்தினால் இழுப்பு குறையும். அளக்கும் தராசையும் பாருங்கள். அதன் தட்டு எஃகாக இருந்தால் அதுவும் காந்தத்தை இழுத்துப் பொய் எண் காட்டும், இசைத்தட்டின் உயரத்துக்கு மேலே வைத்து அளந்தால் இன்னொரு பொய் சேரும்.