பழைய இடவிளக்கப் படத்தை இன்றைய செய்மதிப் படத்தில் பொருத்துவது எப்படி?

ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் பழைய இடவிளக்கப் படங்கள் (ஆறு, குளம், வீதி முதலியவற்றைக் காட்டும் நிலப்படங்கள்), நில அளவையாளர்கள் காடும் வயலும் நடந்து அளந்து கையால் வரைந்தவற்றிலிருந்து அச்சானவை. மட்டக்களப்பில் தூர்ந்துபோன ஓடை எந்த வளவின் கீழ் கிடக்கிறது, மாரி வெள்ளம் ஏன் குறிப்பிட்ட வட்டையிலேயே (வயல்வெளியிலேயே) தேங்குகிறது என்பதைத் தேடுவோருக்கு அவை மிகவும் உதவும்.

முதலில் உங்கள் பகுதிக்குரிய படத்தாளைத் தேடிப் பெற வேண்டும். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது என்பதால், அக்கரைப்பற்று, பொத்துவில் பகுதிகளைத் தேடுவோரும் பழைய பதிவுகளில் மட்டக்களப்பு என்ற தலைப்பின் கீழ் பார்க்க வேண்டும். தாளில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் இல்லாமல் பட்டிப்பளை ஆறு (கல்லோயா) மட்டும் ஓடினால், அது 1949இல் தொடங்கிய கல்லோயா அணை வேலைக்கு முந்திய நிலத்தைக் காட்டுகிறது.

தாளை மடிப்பின்றி விரித்து, 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். பின்னர் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் (QGIS) படத்தை நிலத்தின் உண்மையான இடத்தோடு பொருத்தும் கருவியான ஜியோரெபரன்சரைத் (Georeferencer) திறந்து அப்படத்தை ஏற்றுங்கள்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இரு படங்களையும் இணைக்கும் பொது இடங்களை, தெரிவுசெய்வது. தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பழைய படத்திலும் இன்றைய செய்மதிப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்பவற்றையே தெரிவுசெய்ய வேண்டும். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையின் நடுப்பகுதியும், இடம் மாறாத பழைய வீதிச் சந்திகளும் பொருத்தமானவை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒருபோதும் தெரிவுசெய்யாதீர்கள். மாரியில் வெள்ளம் உடைத்துத் திறக்கும் அந்த வாய் கோடையில் மணலால் மூடப்படுகிறது. கடற்கரையும் நகர்வது; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அதை மாற்றியது. குளத்தின் நீர் விளிம்பும் பருவத்துக்குப் பருவம் வேறுபடும்.

எளிய பொருத்தத்துக்கு மூன்று புள்ளிகள் போதுமெனினும், பிழையைக் கண்டறிய எட்டுப் பத்துப் புள்ளிகளைத் தாளின் நான்கு மூலைகளுக்கும் பரவலாக இடுங்கள். மென்பொருள் காட்டும் எஞ்சிய பிழை (பொருத்திய பின்னும் புள்ளி விலகி நிற்கும் அளவு) ஒரு புள்ளியில் மட்டும் பெரிதாக இருந்தால், அதை மீண்டும் சரிபாருங்கள்.

இப்படங்களில் 1 மில்லிமீற்றர் நிலத்தில் ஏறத்தாழ 63 மீற்றர். ஆகவே வேலித் தகராற்றுக்கு இவற்றைச் சான்றாகக் கொண்டு போவது தவறு. அதற்குக் காணி உறுதியும் நில அளவைப் படமுமே வேண்டும். நீர் வந்த திசையை அறிய மட்டும் இவற்றைப் பயன்படுத்துங்கள்.

பொருந்திய படத்தைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கி, பழைய ஓடைகளை நீலக் கோடாக வரைந்து கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் அக்கோட்டின் வழியே நடந்து, நீர் நிற்கும் இடங்களைக் குறியுங்கள். வயல் நீர்ப்பாய்ச்சலைக் கவனிக்கும் அவ்வூர் வட்டை விதானையிடம் அந்த நீலக் கோட்டைக் காட்டி, அந்த ஓடைக்கு வழங்கிய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.