பொடி இன்ஹேலருக்கு மாறும்போது நடக்கும் தவறுகள்

ஆஸ்துமாவுக்கு எடுக்கும், அழுத்தினால் பீய்ச்சும் குடுவை இன்ஹேலரில் மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் 134ஏ என்ற வாயு. பல கார் ஏசிகளில் இருப்பதும் இதுதான். நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 1,300 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 200 பஃப் (அழுத்தல்) உள்ள, இளைப்பை உடனே தணிக்கும் நீல சால்பூட்டமால் குடுவை ஒன்றின் கார்பன் தடம், தயாரிப்பைப் பொறுத்து, சுமார் 10 முதல் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பொடி இன்ஹேலருக்குப் பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றித்தான். உடனே எல்லாரையும் பொடிக்கு மாற்றக் கிளம்புவதுதான் முதல் தவறு.

முதலில் எண்ண வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை நீலக் குடுவை தீர்கிறது என்பதை. மூன்றோ அதற்கு மேலோ என்றால் ஆஸ்துமா அடங்கவில்லை. தீவிர இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. நீலம் மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர, உள்ளே உள்ள அழற்சியைத் தொடாது. அதனால்தான் சால்பூட்டமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையை ஆஸ்துமாவுக்கான உலகளாவிய ஜீனா (GINA) வழிகாட்டி 2019இல் கைவிட்டது. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால் நீலத்தின் தேவை தானே குறையும், வாயுவும் குறையும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், மூச்சிழுக்கும் விதமும் மாற வேண்டும். இங்கேதான் அதிகம் பிசகுகிறது. குடுவையைக் குலுக்கி, அழுத்தியபடியே 4, 5 விநாடி மெதுவாக இழுக்க வேண்டும். பொடியை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் பொடி தொண்டையோடு நின்றுவிடும். இரண்டிலும் 10 விநாடி மூச்சடக்கல் உண்டு. பொடி இன்ஹேலர்களில் ஒன்றான ரோட்டாஹேலருக்குள் மூச்சை ஊதினால் ஈரத்தில் பொடி கட்டியாகும். அதில் போடும் பொடி நிறைந்த குப்பியான ரோட்டாகேப்பை மாத்திரையென்று விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு! எனவே வாயால் விளக்கினால் போதாது, எதிரிலேயே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளுக்கும், வேகமாக இழுக்கத் தெம்பில்லாத முதியவர்களுக்கும் குடுவையும், அதன் வாயில் பொருத்தி மூச்சிழுக்கும் குழலான ஸ்பேசரும்தான் சரி. சூழலைச் சொல்லி அதைப் பிடுங்கக் கூடாது.

மீதி மருந்தைப் பார்க்கக் குடுவையைத் தண்ணீரில் மிதக்கவிடுவது, காற்றில் அடித்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். எண்காட்டி இல்லையென்றால் தொடங்கிய தேதியைக் குடுவையில் எழுதுங்கள்: காலை 2, இரவு 2 என்றால் 120 பஃப் 30 நாளில் தீரும். அதன்பிறகும் ‘புஸ்’ என்று வருவது வெறும் வாயுதான். காலிக் குடுவையை நெருப்பில் போட்டால் வெடிக்கும். இங்கிலாந்தில் மருந்துக்கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். உயர் வெப்பத்தில் எரிக்கையில் மிச்ச வாயுவும் சிதைந்துவிடும்.