ஃபிளவர்ஹார்ன் குஞ்சை இனங்கண்டு வாங்கித் தீவனம் கொடுக்கும் முறை

ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் ஏரியிலும் இயற்கையாகத் தோன்றிய மீன் அன்று. மத்திய அமெரிக்க நன்னீர் மீன்களான சிக்லிட் வகைகள் சிலவற்றை ஒன்றோடொன்று கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. எனவே ஒரே சோடியின் குஞ்சுகள்கூட ஒன்றைப்போல் மற்றொன்று வளர்வதில்லை. சென்னை கொளத்தூர் கடைகளில் இரண்டு அங்குலக் குஞ்சைக் காட்டி "இதுக்கு நல்லா ஹெட் வரும்" என்று, அதாவது நெற்றிப் புடைப்பு நன்றாக வளரும் என்று, யாரேனும் உறுதி கூறினால், அதை அவருடைய நம்பிக்கையாக மட்டுமே கொள்ள வேண்டும். அந்த வயதில் தலைப் புடைப்பைத் தேடுவது பயனற்றது.

முதல் படி: ஃபிளவர்ஹார்ன்தானா என்று பாருங்கள்

குஞ்சின் பக்கவாட்டில், உடலின் நடுப்பகுதியிலிருந்து வால் அடிவரை கரும்புள்ளிகள் வரிசையாக ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். "பூ" என்று வளர்ப்பாளர்கள் சொல்வது இதைத்தான். அதைச் சுற்றி வெள்ளி அல்லது நீல நிறத்தில் மினுங்கும் துகள்களை முத்து என்பார்கள். வாய் முழுவதும் மூடாமல் கிளியலகு போலத் தெரிந்தால் அது பிளட் பேரட் என்னும் வேறொரு கலப்பின மீன். முத்து எதுவும் இல்லாமல் முகம் கூர்மையாக நீண்டிருந்தால் ரெட் டெவில் என்னும் வேறொரு சிக்லிட்டாக இருக்கலாம். ஆனால் பூ வரிசை இல்லாத ஃபிளவர்ஹார்ன் வகைகளும் உண்டு. அதை மட்டும் வைத்து ஒரு குஞ்சை ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: வகையை ஊகியுங்கள்

கண்ணையும் வாலையும் சேர்த்துப் பாருங்கள். கண் சற்று உள்வாங்கி வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருந்து, வால் விசிறிபோல் விரிந்திருந்தால் அது பெரும்பாலும் காம்ஃபா வழியைச் சேர்ந்தது. கண் சிவந்து, வால் வட்டமாக இருந்தால் ஜென் ஜூ வழி என்று கருதலாம். கோல்டன் பேஸ் என்னும் வகையின் குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். வளரும்போது நன்றாகக் கறுத்து, பின்னர் அந்தக் கருமை திட்டுத் திட்டாக உதிர்ந்து உள்ளே இருக்கும் நிறம் வெளிப்படும். இதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுபவர்கள் பலர். தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம். மாறாக, மிகச் சிறிய குஞ்சு வயதுக்கு மீறிய அடர்சிவப்பில் இருந்தால், ஹார்மோன் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயுறுங்கள். அது நின்றவுடன் நிறமும் மங்கிவிடும்.

எந்த வகையானாலும், கண்ணாடிக்கு அருகே விரலை நகர்த்தும்போது முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு பின்தொடரும் குஞ்சையே தேர்ந்தெடுங்கள். மூலையில் ஒதுங்கி நிற்பதும் வயிறு ஒட்டியிருப்பதும் வேண்டாம்.

மூன்றாம் படி: தீவனம்

தொட்டியில் விட்ட முதல் நாள் எதுவும் கொடுக்காதீர்கள். நீரின் வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸுக்குள் இருக்கட்டும். மறுநாள் முதல், சுமார் 1 மில்லிமீட்டர் அளவுள்ள குருணைத் தீவனத்தை ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் கொடுங்கள். உறையில் மீன் தூளோ இறால் தூளோ முதல் மூலப்பொருளாகக் குறிக்கப்பட்டிருப்பதும், புரதம் 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருப்பதும் நல்லது. குஞ்சு ஒரு குருணையைக் கவ்வித் துப்பி மீண்டும் கவ்வினால் அது பெரிதாகவோ கடினமாகவோ இருக்கிறது; தொட்டி நீரிலேயே சிறிது நேரம் ஊறவைத்துக் கொடுங்கள்.

வாரம் இரண்டு முறை, உறைந்த ஆர்ட்டீமியா என்னும் சிறு இறால் போன்ற உயிரியையோ ரத்தப்புழுவையோ உருகவைத்து ஒரு வேளைக்குக் கொடுக்கலாம். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு கழிவுநீர்ச் சேற்றில் வளர்வது. நோய்க்கிருமிகளைத் தொட்டிக்குள் கொண்டுவரக்கூடியது. இரைக்காக விற்கப்படும் சிறு மீன்களிலும் அதே ஆபத்து உண்டு. மாட்டு இதயம் போன்ற பாலூட்டி இறைச்சியின் கொழுப்பை இம்மீன் எளிதில் செரிப்பதில்லை. தலை வளர்க்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் தீவனங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: பெற்றோர் வழியில் இல்லாத தலையை எந்தத் தீவனமும் கொண்டுவராது. அஸ்டாசாந்தின் என்னும் நிறமி, ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி ஆகியவை சேர்ந்த தீவனங்கள் இருக்கும் நிறத்தைத் தெளிவாக்கும், அவ்வளவே.

நான்காம் படி: கழிவைக் கவனியுங்கள்

மீதமான தீவனத்தை அன்றன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாரம் இருமுறை கால் பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். மூன்று வேளைத் தீவனத்தின் கழிவு அமோனியாவாக மாறும் வேகம் புதியவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். கழிவு தீவனத்தின் நிறத்திலேயே கெட்டியாக விழுந்தால் செரிமானம் சரியாக உள்ளது. வெள்ளை நூல்போல் நீண்டு தொங்கினால் ஒரு நாள் தீவனத்தை நிறுத்தி நீரை மாற்றுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தாலோ மீன் உண்ண மறுத்தாலோ, குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்பதால் மீன் மருத்துவம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

நான்கு அங்குலத்தைத் தாண்டியதும் குருணையின் அளவைக் கூட்டி, வேளைகளை இரண்டாகக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். அந்த வயதில் அது தொட்டியிலுள்ள மற்ற மீன்களைத் தாக்கத் தொடங்கும். தனித் தொட்டிக்கும், வளர்ந்தபின் நான்கடித் தொட்டிக்கும் இடம் ஒதுக்கிவிட்டே குஞ்சை வாங்குங்கள்.